பதிவேட்டுப் படங்களை நீக்காதீர்கள், நிரலை மூடாதீர்கள்

சேர்வராயன் மலையின் அறிவியல் தரவுகளுக்குப் பொது நூலகம் அமைக்க முன்வந்திருக்கும் கூட்டுக் குழுவினருக்கு,

கடந்த கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவுகளின் நகல் எங்கள் துறைக்கும் வந்தது. நூலகத்தின் மென்பொருளை ஒரு தனியார் நிறுவனம் எழுதும். மூலநிரல், அதாவது மென்பொருளை இயக்கும் கட்டளைகளின் எழுத்து வடிவம், அந்த நிறுவனத்துக்கே சொந்தம். தரவு கொடுத்த கல்லூரிகளும் எஸ்டேட்டுகளும்கூடக் கடவுச்சொல் கொடுத்து நுழைந்து, எக்செல் கோப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். எண்களைச் ‘சுத்தம் செய்து’ ஏற்றிய பிறகு, கையெழுத்துப் பதிவேடுகளின் படங்கள் சேமிப்பிடச் செலவைக் கருதி நீக்கப்படும். இந்த முடிவுகளை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல். குழுவுக்குத் தனியாக எழுதியதற்குப் பதில் வரவில்லை. ஆகவே, தரவு கொடுத்த எல்லோரும் படிக்கும்படி வெளிப்படையாக எழுதுகிறேன்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள். வளர்ந்தது இந்த மலையிலுள்ள ஏற்காட்டில். அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்தார். காலை எட்டரை மணிக்கு மழைமானியில் சேர்ந்த நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவருடைய வேலைகளில் ஒன்று. உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும் மழைக்கணக்கில் பெரும்பகுதி அவரைப் போன்ற ரைட்டர்களின் கையெழுத்தில் இருப்பதுதான். பிரிட்டிஷ் கலெக்டர் காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு மழைக்கணக்கு இல்லாமல் ஆகாது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல பூமழை விழுந்தால் ஒன்பது, பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகப் பூக்கும். விழாவிட்டால் அந்த ஆண்டு விளைச்சல் போயிற்று. அதனால்தான் அரசு அலுவலகம் எதுவும் கேட்காதபோதும் எஸ்டேட்டுகள் மழையை எழுதி வைத்தன. பூமழை தள்ளிப்போகிறதா, குறைகிறதா என்று இன்று மேலே இருப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லக்கூடிய சான்று அந்தப் பதிவேடுகளில்தான் இருக்கிறது.

அந்தச் சான்றை, நிறுவனம் காட்டிய நூலக மென்பொருளின் முன்மாதிரி என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள்.

எஸ்டேட் மழைக்கணக்கு மில்லிமீட்டரில் இருக்காது. இஞ்சிலும் சென்ட்டிலும் இருக்கும்; ஓர் இஞ்சுக்கு நூறு சென்ட். “ராத்திரி ஒன்று இருபது” என்று மலையில் ஒருவர் சொன்னால் 1.20 இஞ்சு, அதாவது 30.48 மி.மீ. என்று கேட்பவருக்குப் புரியும். பதிவேட்டில் ஒருவர் 1.20 என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 1-20 என்று, மற்றொருவர் வெறுமனே 120 என்று. முன்மாதிரியில் 120 என்று எழுதிய எஸ்டேட்டுக்கு 120 மி.மீ. மழை பெய்துவிட்டது, உண்மையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அதே நாளில் 1.20 என்று எழுதிய பக்கத்து எஸ்டேட்டுக்கு 1.2 மி.மீ. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழைநாள். ஆகவே, ஓர் இஞ்சுக்கு மேல் கொட்டிய அந்த நாள் பக்கத்து எஸ்டேட்டில் மழைநாளாகவே எண்ணப்படவில்லை. வேலி ஒன்றாக இருக்கும் இரண்டு தோட்டங்களில் ஒன்று வெள்ளத்திலும் மற்றது வறட்சியிலும் இருப்பதாக உங்கள் வரைபடம் காட்டுகிறது.

கோடு போட்டு எழுதியவற்றின் கதி இன்னும் மோசம். எக்செலில் 1-12 என்று தட்டினால் அது டிசம்பர் முதல் தேதி ஆகிவிடும். ஓர் இஞ்சு பன்னிரண்டு சென்ட் மழை இப்படித்தான் சில மாதங்களில் காணாமல் போயிருக்கிறது. இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த கேடு அன்று. மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது; ‘மார்ச்1’ என்ற மரபணு ‘மார்ச்எஃப்1’ ஆயிற்று. அதே ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்செல் வடிவத்தில் கோப்புகளைக் கையாண்டது. அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. அதனால் 15,841 கொரோனாத் தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டது. உலகறிந்த இத்தனைக்கும் பிறகு, நம் நூலகம் தரவை எக்செலில் மட்டுமே தரும் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள்.

அடுத்து, பூஜ்யம். பதிவேட்டில் ‘0’ என்றால் அளந்தார், மழை இல்லை. கோடு போட்டிருந்தால் பெரும்பாலும் அளக்கவில்லை. சில எஸ்டேட்டுகளில் ஞாயிற்றுக்கிழமை மழைமானியைப் பார்க்க ஆள் இருக்காது. திங்கட்கிழமை எழுதிய எண் இரண்டு நாள் மழையைச் சுமந்துகொண்டிருக்கும். முன்மாதிரி கோடுகளையும் வெற்றிடங்களையும் பூஜ்யமாக்கிவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காட்டில் மழையே பெய்வதில்லை என்று ஒரு போலி உண்மை உருவாகியிருக்கிறது. ரைட்டர் ஓய்வெடுத்த நாளில் வானமும் ஓய்வெடுத்தது என்று நாளை ஒரு மாணவி ஆய்வேட்டில் எழுதினால் அவளைக் குறை சொல்ல முடியுமா?

நாளின் எல்லையும் இப்படித்தான். காலை எட்டரைக்கு அளக்கும் மழை, முந்தைய நாள் எட்டரையிலிருந்து பெய்த மழை. வானிலைத் துறை அதை அளந்த நாளின் கணக்கில் வைக்கிறது. சில எஸ்டேட்டுகள் பெய்த நாளின் கணக்கில், அதாவது முந்தைய தேதியில் எழுதின. 2014இல் ஏவப்பட்ட ஜிபிஎம் செயற்கைக்கோளின் அன்றாட மழைத் தரவோ கிரீன்விச் நேரப்படி நாளைப் பிரிக்கிறது. நமக்கு அது காலை ஐந்தரைக்குத் தொடங்கும் நாள். கோடையில் ஏற்காட்டில் மழை பெரும்பாலும் மாலை இடியோடு வரும். பதினான்காம் தேதி மாலை பெய்தது ஒரு பதிவேட்டில் பதினான்கிலும், இன்னொன்றில் பதினைந்திலும், செயற்கைக்கோள் கணக்கில் பதினான்கிலும் இருக்கும். மூன்றும் சரி. எது எந்த வழக்கப்படி எழுதப்பட்டது என்ற ஒரே ஒரு வரிக் குறிப்பு உடன் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்மாதிரியில் அந்தக் குறிப்புக்கு இடமே வைக்கவில்லை. என் மாணவர்கள் பதிவேட்டுக் கணக்கையும் செயற்கைக்கோள் கணக்கையும் ஒப்பிட்டபோது செயற்கைக்கோள் தவறு என்ற முடிவுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பதிவேட்டுப் பக்கத்தைக் காட்டித்தான் விளக்க முடிந்தது. நீங்கள் நீக்கப் போவது அந்தப் பக்கங்களைத்தான்.

என்னை மிகவும் கலங்க வைத்தது வேறொன்று. மிகக் கனத்த மழை பெய்த ஒரு நாளின் எண்ணை முன்மாதிரி ‘பிழை’ என்று தானே தீர்மானித்து நீக்கியிருக்கிறது. அதே நாளில் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளின் பதிவேடுகளிலும் கனமழை இருக்கிறது. ஒன்றில் ஓரத்தில் ‘ரோடு அடைப்பு’ என்றுகூட எழுதியிருக்கிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் இந்த மலையில் பிறந்து வருகின்றன. சேலம் நகரத்துக்குள் ஆற்றோரம் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தேவைப்படுவது சராசரி நாளின் கணக்கு அல்ல, இப்படிப்பட்ட நாளின் கணக்குதான். எந்த மழைநீர் வடிகாலை எவ்வளவு அகலத்தில் கட்டுவது என்று ஒரு பொறியாளர் கணக்கிடும்போது அவர் தேடுவதும் இந்த உச்ச எண்களையே. அவற்றைப் பார்த்துப் பார்த்து நீக்கும் நிரல் ஒன்றை நம் பெயரில் ஓடவிடப் போகிறோம்.

இவற்றையெல்லாம் நான் கண்டுபிடித்ததற்குக் காரணம், பதிவேட்டுப் படங்களின் நகல் எங்கள் துறையில் இருந்ததுதான். நிரலில் எந்த இடத்தில் இந்த மாற்றம் நடக்கிறது என்று நிறுவனத்தைக் கேட்டேன். நிரல் தங்கள் வணிக இரகசியம் என்று பதில் வந்தது. அவர்களிடம் எனக்குக் கோபமில்லை. நீங்கள் கொடுத்த ஒப்பந்த வரைவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால், ஓர் எண் பதிவேட்டிலிருந்து புறப்பட்டு வரைபடத்துக்கு வந்து சேரும் வரை அதற்கு என்னென்ன நேர்ந்தது என்பதை யாரும் பார்க்க முடியாத இடத்தை அறிவியல் நூலகம் என்று எப்படி அழைப்பது?

பார்க்க முடிந்தால் பிழை பிடிபடும் என்பதற்குப் புள்ளியியல் வகுப்புகளில் எல்லோரும் கையாளும் ஐரிஸ் தரவே சான்று. எட்கர் ஆண்டர்சன் அளந்த பூக்களின் அளவுகள் அவை. ரொனால்டு ஃபிஷர் 1936இல் தம் கட்டுரையில் வெளியிட்டார். மொத்தம் 150 பூக்கள். பிற்காலத்தில் பெரும்பாலோர் பதிவிறக்கிப் பயன்படுத்திய ஒரு பிரதியில் 35ஆம், 38ஆம் பூக்களின் எண்கள் ஃபிஷரின் கட்டுரையிலிருந்து மாறியிருந்தன. ‘ஆர்’ என்ற புள்ளியியல் நிரல்மொழியோடு வரும் பிரதியில் அவை சரியாக இருந்தன. ஒரே பெயர், இரண்டு தரவுகள். 1936இன் அசல் அட்டவணை கையில் இருந்ததால்தான் எது சரி என்று சொல்ல முடிந்தது. 150 வரி உள்ள தரவுக்கே இந்த நிலை என்றால், பல எஸ்டேட்டுகளின் பல பத்தாண்டு மழைக்கு அசலும், எந்தப் பதிப்பு என்று சொல்லும் பதிப்பெண்ணும் இல்லாமல் என்ன செய்வீர்கள்?

அசல் என்று நான் சொல்வது எண்களை மட்டுமல்ல. பதிவேட்டின் ஓரத்தில் ‘அளவுக் கண்ணாடி உடைந்தது, புதுசு வாங்கியது’ என்று ஒரு வரி இருக்கும். மழைமானியின் வாய் அகலத்துக்குப் பொருந்தாத கண்ணாடியை வாங்கிவிட்டால் அன்றிலிருந்து எல்லா எண்களும் மாறிப்போகும். ‘மழைமானி பங்களா பக்கம் மாற்றி வைத்தது’ என்று இருக்கும். ‘மரம் வெட்டியது’ என்று இருக்கும். ஆண்டுக் கணக்கில் திடீரென்று ஓர் இறக்கம் தெரிந்தால் அது வானத்தில் நடந்ததா, கண்ணாடியில் நடந்ததா என்று பிரித்துச் சொல்ல அந்த ஓரக் குறிப்புகளைத் தவிர வேறு வழி கிடையாது. தட்டச்சு செய்தவர்கள் அவற்றை ஏற்றவில்லை, ஏனென்றால் எக்செலில் அதற்குக் கட்டமில்லை.

மழையைப் பற்றியே பேசுகிறேன்; எனக்குத் தெரிந்தது அது. மற்றத் துறையினர் சொன்னவற்றையும் சுருக்கமாகச் சேர்க்கிறேன். சார்னோக்கைட், பாக்சைட், அடிவாரத்து மேக்னசைட் ஆகிய பாறை, கனிம மாதிரிகளின் இடங்களைப் பழைய நில அளவை வரைபடங்களிலிருந்து குறித்திருக்கிறார்கள். அந்த வரைபடங்கள், பூமியின் வடிவத்தை 1830ஆம் ஆண்டில் கணித்த எவரெஸ்ட் கோளவடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. இன்று கைப்பேசி காட்டுவது டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறோர் அடிப்படையில். எந்த அடிப்படை என்று குறிக்காமல் அப்படியே ஏற்றினால் நம் பகுதியில் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். சமவெளியில் அது பக்கத்து வயல். மலையில் அது சரிவின் மறுபக்கம்.

ஊர்ப்பெயர்களின் சிக்கல் தமிழுக்கே உரியது. ‘கொட்டச்சேடு’ என்பதன் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை, கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், எகரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. முன்மாதிரியில் கொட்டச்சேடு என்று தேடினால் அந்த ஊரின் மண் பரிசோதனைகளில் ஒரு பகுதிதான் வருகிறது. யூனிகோடின் இயல்பாக்க விதிப்படி இதைச் சரிசெய்ய ஒரு வரி நிரல் போதும். அந்த ஒரு வரியை எழுதத் தெரிந்த மாணவர்கள் எங்கள் துறையிலேயே இருக்கிறார்கள். எழுத வேண்டிய இடத்தை அவர்களுக்குக் காட்ட மறுக்கிறீர்கள்.

இனி, நீங்கள் கூட்டத்தில் முன்வைத்த தயக்கங்களுக்கு வருகிறேன். அவற்றை நான் அலட்சியப்படுத்தவில்லை.

“திறந்த மூலம் என்றால் பொறுப்பேற்க யாரும் இருக்க மாட்டார்கள், நிறுவனம் என்றால் ஒப்பந்தம் இருக்கும்” என்றீர்கள். திறந்த மூலம் என்றால் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்பதுதான். நம் மாவட்டத்தில் சில ஆண்டுகளுக்கு முன் விவசாயிகளின் மண் பரிசோதனை முடிவுகளுக்காக இப்படி ஒரு தளம் ஒப்பந்தத்தின் பேரில் நடந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தது, நிதி புதுப்பிக்கப்படவில்லை, தளம் நின்றது. தரவு எந்த வடிவத்தில் உள்ளே இருந்தது என்று தெரிந்தவர்கள் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார்கள். மாதிரி எடுத்துக்கொடுத்த விவசாயிகளிடம் இன்று மிஞ்சியிருப்பது அவர்கள் கைப்பேசியில் பிடித்து வைத்த படங்கள்தான். எங்கள் துறையும் அந்தப் பணியில் மாதிரி சேகரித்தது. அந்த விவசாயிகளின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது எங்களுக்குத்தான். மறுபக்கம், நம் கல்லூரிகள் அனைத்தும் அன்றாடம் கணக்குப் போடும் நம்பை, பாண்டாஸ், ‘ஆர்’ எல்லாம் திறந்த மூல மென்பொருள்களே. நம்பையின் முதல் முழுப்பதிப்பு 2006இல் வந்தது. எழுதியவர்கள் மாறினார்கள், நிதி தந்தவர்கள் மாறினார்கள், மென்பொருள் நிற்கவில்லை. அந்த நிறுவனத்தின் முன்மாதிரி ஓடுவதும் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம் உள்ள சேவையகத்தில்தான்.

நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. நல்ல நிரலாளர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அவர்கள் எழுதும் நிரல் முதல் நாளிலிருந்தே பொதுக் களஞ்சியத்தில், திறந்த உரிமத்தில் இருக்கட்டும் என்கிறேன். நம் குழுவின் பணம் பெரும்பாலும் அரசு நிதி. பொதுப் பணத்தில் திரட்டிய, பகிரத்தக்க தரவு மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று மத்திய அரசின் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை 2012இலேயே வந்துவிட்டது.

இன்னொரு தயக்கம் நியாயமானது. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் அரிய ஆர்க்கிட் செடிகள் எங்கே இருக்கின்றன என்று திருடுபவர்களுக்கும் தெரிந்துவிடாதா? தெரிந்துவிடும். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அங்கே காக்கப்படும் செடிகளின் உறவுகள் மலையில் எந்த மரத்தில் இருக்கின்றன என்பதை வெளியிட எனக்கும் மனமில்லை. உயிரினப் பதிவுகளைத் தொகுக்கும் ஜிபிஐஎஃப் என்ற பன்னாட்டு அமைப்பு இதற்கு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது: அருகிவரும் இனங்களின் இடத்தைத் துல்லியம் குறைத்து வெளியிட்டு, குறைத்திருக்கிறோம் என்பதையும் பதிவிலேயே சொல்ல வேண்டும். அதேபோல் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில் சாமை, தினை, மூலிகை பற்றி அவர்கள் சொன்னவை அவர்களின் சம்மதம் இல்லாமல் வெளியே போகக்கூடாது; இங்கே திறந்த உரிமம் என் வாதமல்ல, அவர்கள் சொல்வதே முடிவு. ஆனால், எதை மறைக்கிறோம், ஏன் மறைக்கிறோம் என்ற விதி திறந்திருக்க வேண்டும். நிரல் மூடியிருந்தால் செடியின் இடம் மறைந்திருக்கிறதா என்பதைக்கூட நாம் சரிபார்க்க முடியாது.

என்ன கட்டலாம் என்றும் சொல்லிவிடுகிறேன், குறை மட்டும் சொன்னதாக இருக்கக்கூடாது. பெரிய இணையதளம் தேவையில்லை. மூன்று அடுக்குகள் போதும். அடியில் அசல்: பதிவேட்டுப் படங்களும், கண்டதைக் கண்டபடி தட்டச்சு செய்த எழுத்துக் கோப்புகளும். இவற்றை யாரும், எக்காரணம் கொண்டும் திருத்தக்கூடாது. நடுவில் நிரல்: சென்ட்டை மில்லிமீட்டராக்குவது, தேதியை ஒரே வழக்கத்துக்குக் கொண்டுவருவது, ஊர்ப்பெயரை இயல்பாக்குவது எல்லாம் இங்கே நடக்கும். கையால் ஒரு கட்டத்தைத் திருத்தும் வேலையே இருக்கக்கூடாது. திருத்த வேண்டியதை நிரலாக எழுதினால் யார், எப்போது, ஏன் திருத்தினார் என்பது, மாற்றங்களைப் பதிவுசெய்யும் ‘கிட்’ மென்பொருளின் வரலாற்றில் நிற்கும். ஐயத்துக்குரிய எண்ணை நீக்காமல், பக்கத்தில் ஐயக்குறி இட அட்டவணையில் ஒரு நெடுவரிசை போதும். பயன்படுத்துபவர் முடிவு செய்துகொள்வார். மேலே வெளியீடு: நிரல் ஓடி உருவாக்கிய தரவு, பதிப்பெண்ணோடும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ‘ஷா-256’ சரிபார்ப்பு எண்ணோடும்.

ஒவ்வொரு தரவுத்தொகுப்புக்கும் ஒரு பக்க விவரக் கோப்பு கட்டாயம். அளந்த கருவி, அலகு, நாள் எங்கே தொடங்குகிறது, வெற்றிடம் எதைக் குறிக்கிறது, இட அடிப்படை எது, உரிமம் எது. தமிழிலும் ஆங்கிலத்திலும். இது நிரம்பாத தொகுப்பை நூலகம் தானாகவே ஏற்க மறுக்க வேண்டும். இந்த விவரங்களுக்கு நாம் புதிதாக வடிவம் கண்டுபிடிக்கவும் வேண்டாம். வானிலைத் தரவுக்கு நெட்சிடிஎஃப் வடிவமும் சிஎஃப் மரபுகளும் இருக்கின்றன, உயிரினப் பதிவுகளுக்கு டார்வின் கோர் இருக்கிறது, சாதாரண அட்டவணைக்கு சிஎஸ்வி இருக்கிறது. கண்டறியத்தக்க, அணுகத்தக்க, ஒன்றோடொன்று பொருந்தத்தக்க, மறுபடி பயன்படுத்தத்தக்க தரவு என்று 2016இல் வகுக்கப்பட்ட ‘ஃபேர்’ நெறிகளை உங்கள் திட்ட அறிக்கையே முதல் பக்கத்தில் மேற்கோள் காட்டுகிறது. இரண்டாம் பக்கத்திலிருந்து அதை மறந்துவிட்டது.

பயன்படுத்துபவருக்குப் பைத்தான் மொழியிலும் ‘ஆர்’ மொழியிலும் ஒரு சிறு நிரல்தொகுப்பு. தொகுப்பின் பெயரையும் பதிப்பையும் கொடுத்தால் தரவு அலகோடு வந்து சேர வேண்டும். ஒரு முறை இறக்கியதைக் கணினியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் ஏறி மேலே போனால் பல ஊர்களில் கைப்பேசிக்கே சிக்னல் நிற்பதில்லை, அங்கிருக்கும் பள்ளி ஆசிரியர் ஒவ்வொரு முறையும் உங்கள் தளத்தில் கடவுச்சொல் தட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு வெளியீட்டின் நகலையும் ஐரோப்பிய அணு ஆய்வகமான செர்ன் 2013 முதல் நடத்திவரும் ஸெனோடோ களஞ்சியத்தில் வைத்தால் கட்டணமில்லை, நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். நம் குழுவே கலைந்தாலும் தரவு இருக்கும்.

நிரலுக்கு எம்ஐடி அல்லது அப்பாச்சி உரிமம், தரவுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0. இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. கடைசி உரிமத்தின்படி, பயன்படுத்துபவர் தரவு தந்தவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். எஸ்டேட்டின் பெயரோடு, குடும்பத்தினர் சம்மதித்தால், மழையை அளந்து எழுதிய ரைட்டரின் பெயரும் அங்கே வரட்டும். இத்தனை ஆண்டு அறிவியல் வேலை செய்தவர்கள் அவர்கள்.

ஆகவே, குழுவிடம் நான் கேட்பவை இவை. ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று அறிகிறேன். கையெழுத்திடும் முன், மூலநிரல் முழுவதும் திறந்த உரிமத்தில் பொதுக் களஞ்சியத்தில் இருக்கும் என்ற விதியை அதில் சேருங்கள். நிறுவனம் ஒப்பவில்லை என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். பதிவேட்டுப் படங்களை நீக்கும் தீர்மானத்தை உடனே ரத்து செய்யுங்கள். சேமிப்பிடம்தான் சிக்கல் என்றால், எங்கள் துறையின் சேவையகத்தில் ஒரு நகலை வைக்க எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறோம், இன்னொரு நகலை வேறொரு கல்லூரி வைக்கட்டும். நான் மேலே சொன்ன மழைத் தரவுப் பிழைகளைச் சரிபார்க்க, நிறுவனத்தைச் சாராத மூவரை நியமியுங்கள். அவர்களில் ஒருவராவது எஸ்டேட் மழைக்கணக்கு எழுதிப் பழகியவராக இருக்க வேண்டும். அவர்கள் அறிக்கை தரும் வரை முன்மாதிரியின் எண்களை எந்த ஆய்வுக்கும் கொடுக்காதீர்கள். ஏற்கனவே வாங்கிப்போனவர்களுக்குப் பிழையைத் தெரிவித்துக் கடிதம் அனுப்புங்கள். எக்செலோடு சிஎஸ்வியும் விவரக் கோப்பும் கடவுச்சொல் இல்லாமல் கிடைக்கட்டும். ஆர்க்கிட் இடங்களுக்கும் பழங்குடி ஊர்களின் தரவுக்கும் தனி விதிகளை எழுதி, அந்த ஊர்களின் பிரதிநிதிகளோடு பேசிய பிறகே நிறைவேற்றுங்கள்.

இந்த மடலுக்கான பதிலை அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அந்தக் கூட்டத்தில், தரவு தந்த எஸ்டேட்டுகளையும் பள்ளிகளையும் பார்வையாளர்களாக அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பதிவேடுகளை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். முன்மாதிரியை அவர்கள் முன்னால் திறந்து, பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியை ஒருவர்,
சேலம்